அப்பாவின் தொட்டியில் பாசி

“புத்தகம் வேற, தண்ணி வேறம்மா. உன்னால முடியாதுலா,” என்று சிரித்தார் அப்பா. அவருடைய மீன்தொட்டியை ஒரு வாரம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர் அவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். சுருக்கென்றது.

“நான் கெமிஸ்ட்ரி படிச்சவப்பா.”

“சரி. அது செடிக்குத் தெரியுமா?”

அடுத்த வருடம் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார்.

வீட்டில் வேறு இடமில்லாததால் அவர் படத்தைத் தொட்டிக்கு மேலிருந்த பலகையில் வைத்தோம். படத்துக்கு முன் ஏற்றிய அகல் விளக்கு பதினாறாம் நாள் வரை அணையக்கூடாது. மின்விசிறிக் காற்றில் அது அணைந்துகொண்டே இருந்தது. “இது அணையாதில்ல,” என்று அம்மா தொட்டி விளக்கைப் போட்டார். காரியம் முடிந்து அகலை எடுத்துவிட்டோம். தொட்டி விளக்கை மட்டும் யாரும் அணைக்கவில்லை. அப்பா வேலைவிட்டு வந்துதான் அதைப் போடுவார். படுக்கும் முன் அணைத்துவிடுவார்.

கண்ணாடி பச்சையானது. பிறகு சீப்பில் சிக்கிய முடி போல, பாசி தொட்டிச் செடியின் இலைகளைச் சுற்றத் தொடங்கியது. ஒற்றை இலையிலிருந்து அப்பா வளர்த்த செடி அது.

காரணம் எனக்கு முதல் நாளே தெரியும். ஓயாத வெளிச்சம். ஆனால் அணையுங்கள் என்று அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தேன். தண்ணீர் மாற்றினேன், பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன், இரையைக் குறைத்தேன். கடைசியில், வேலை முடிந்து வரும் வழியில் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையொன்றில் பாசி மருந்து வாங்கி ஊற்றினேன்.

மறுநாள் காலை, மீன்களோடு அப்பா வளர்த்த குட்டி இறால்கள் எல்லாம் மணலில் வெளுத்துக் கிடந்தன. இறாலுக்கு ஆகாது என்று புட்டியின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்கிறவள் நான். அதைப் படிக்கவில்லை.

அம்மா அவற்றை உள்ளங்கையில் எடுத்தார்.

“மருந்து போட்டியாடி?”

“ம்.”

“அப்பா மருந்தே போடமாட்டாரே.”

அப்போதுதான் சொன்னேன். “லைட்ட அணைக்கணும்மா. மூணு நாளு, சுத்தமா இருட்டா இருந்தா பாசி சாகும்.”

“அவர இருட்டுல வைக்கச் சொல்றியா?”

“அவர இல்லம்மா. தொட்டிய.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“அவரு வச்ச செடி செத்துரும்மா,” என்று மட்டும் சொன்னேன்.

அம்மா அறைக்குள் போனார். வெகுநேரம் கழித்து அப்பாவின் நீலக் கட்டம்போட்ட கைலியோடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். அது இன்னும் துவைக்கப்படாமல் இருந்தது.

பாதித் தண்ணீரை மாற்றி, விளக்கின் சுவிட்சை அணைத்தேன். கைலியை இரண்டாக மடித்துத் தொட்டியைச் சுற்றி, துணி கிளிப்புகளை மாட்டினேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, படத்துக்கு முன் அகலை மறுபடி ஏற்றி வைத்தேன்.

இன்று இரண்டாம் நாள். வீடு புழுங்குகிறது. கைலியை நான் இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை.