காற்றில் ஏற்றிய பெயர்ப்பலகை

அந்தப் புடவைக்கடை முதலாளி செத்துப்போனார் என்று யாரோ வந்து சொன்னபோது நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். எழும்பவில்லை. இன்னும் கொஞ்சம் மீன்குழம்பு ஊற்றச் சொல்லித் தின்றேன். சாவோடு பகையை விட்டுவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். அவர்களுடைய அண்ணன் சாரத்திலிருந்து விழவில்லை.

என் அண்ணன் விழுந்தது பெரிய யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன். மட்டக்களப்புப் பட்டினத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை ஏற்றுவது எங்கள் தொழில். மரச்சட்டத்தில் தகரம் அறைந்து, பெயர் எழுதி, கமுகமரத்தால் சாரம் கட்டி மேலே கொண்டுபோவோம். தோணித்துறைப் பக்கத்துக் கடைகளுக்குத் தெருவைப் பார்த்து ஒரு பலகை போதாது. பழுகாமத்துப் பக்கமிருந்து தோணியில் வருகிறவர்கள் தண்ணீரில் இருக்கும்போதே கடையை அடையாளம் காண வேண்டும். அதனால் வாவியைப் பார்த்தபடி மேல்மாடிச் சுவரின் உச்சியில் இன்னொரு பலகை ஏறும். காற்று முழுவதும் அங்கேதான் வந்து மோதும்.

மாரிகாலத்து வாடைக்காற்றிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அது வருவதற்கு முன்பே தண்ணீரில் தெரிந்துவிடும். வாவியின் மேல் ஒரு கறுப்பு ஓடிவரும். ஆகவே பலகை ஏற்றும் நாளில் எங்களில் ஒருவர் கரையில் நின்று தண்ணீரை மட்டும் பார்ப்பார். வேறு வேலை எதையும் அவரிடம் கொடுக்க மாட்டோம். அவர் "கறுக்குது!" என்று கத்தினால், மேலே இருப்பவர் பலகையைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிட்டுச் சாரக்காலைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். காற்று கடந்துபோனதும் மறுபடி சுத்தியலை எடுப்பார்.

கடைக்காரர்களிடமும் ஒரு வழக்கம் இருந்தது. பலகைக்கு முதல் ஆணியை முதலாளியே நல்ல நேரம் பார்த்து அடிக்க வேண்டும். மேலே ஏறப் பயந்தவர்கள் பலகையை நிலத்தில் வைத்து ஆணியை லேசாகத் தட்டிவிட்டு, மிச்சத்தை எங்களிடம் விட்டுவிடுவார்கள். இந்த முதலாளியும் நிலத்தில் வைத்துத்தான் தட்டினார்.

அது கார்த்திகை மாதம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. காற்று சரியில்லை, இரண்டு நாள் பொறுப்போம் என்று அண்ணன் சொல்லிப் பார்த்திருக்கிறார். "பஞ்சாங்கம் உனக்காகப் பொறுக்குமா? நேரம் போகுது, ஏறு" என்றாராம் முதலாளி. அண்ணன் ஏறினார். நான் அப்போது சித்தாண்டியில் வேறொரு வேலையில் இருந்தேன். நடந்ததையெல்லாம் கரையில் காவல் நின்ற கூட்டாளிதான் பிறகு அழுதழுது சொன்னார்.

கடை திறப்புக்கு அழைத்திருந்த பெரிய மனிதர் ஒருவர் அந்த நேரத்தில் காரில் வந்து இறங்கினார். மழை தூறியது. முதலாளி கரைப்பக்கம் திரும்பி, "டேய், சும்மாதானே நிக்கிறாய்? வந்து குடையப் பிடி" என்றார்.

"தண்ணியப் பாக்கணும் முதலாளி."

"தண்ணி எங்கயும் ஓடிப்போகாது. வா!"

கூட்டாளி குடை பிடிக்கப் போனார். வாவி கறுத்தது. பார்க்க ஆளில்லை. தகரம் காற்றை வாங்கிக்கொள்ள, அண்ணனும் பலகையும் பாதிச் சாரமும் ஒன்றாகக் கீழே வந்தன.

ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். எலும்பு கோணலாகப் பொருந்தியது. அதைக்கூட நான் விதி என்று விட்டிருப்பேன். என்னால் பொறுக்க முடியாமல் போனது முதலாளியின் வாயைத்தான். "குடிச்சிற்று ஏறினவன் விழாம என்ன செய்வான்?" என்று சேலை வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அண்ணன் கள்ளைத் தொட்டவரே அல்ல. ஆனாலும் ஊர் நம்பியது. பணக்காரன் பொய்க்கு நம் ஊரில் எப்போதும் நல்ல மரியாதை. உட்கார்ந்து செய்யக்கூடிய தச்சுவேலையைக்கூட அண்ணனுக்கு யாரும் கொடுக்கவில்லை. குடிகாரன் கையில் உளியைக் கொடுப்பார்களா? கல்யாணம் பேசிவைத்திருந்த வீட்டாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அந்தப் பொய்யைச் சொன்ன வாயாலேயே, ஊர் கேட்க, திரும்ப எடுக்கவைக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். படுக்கும்போதும் அதுதான், எழும்பும்போதும் அதுதான்.

முதலாளியின் மேல்சுவர் வெறுமையாகவே கிடந்தது. எங்கள் தொழில்காரர் யாரும் அங்கே ஏறச் சம்மதிக்கவில்லை. போதாததற்கு நான் ஒரு கதையைத் தேத்தண்ணிக்கடையில் அவிழ்த்துவிட்டேன். நிலத்தில் வைத்து அடித்த ஆணி பாடைக்கு அடித்த ஆணியாம், அதுதான் பலகை தங்கவில்லையாம். இப்படிப்பட்ட கதைக்குக் கால் முளைக்க எத்தனை நாள் வேண்டும்? அந்த வருஷம் வியாபாரமும் கொஞ்சம் படுத்துவிட்டது. முதலாளி பயந்துபோய்ச் சாத்திரியாரிடம் ஓடினார். அடுத்த கார்த்திகையில் ஒரு நல்ல நேரம் கிடைத்தது. பிறகு என்னைத் தேடி வந்தார்.

"வாறன் முதலாளி," என்றேன். "ஆனா முதல் ஆணிய நீங்கதான் மேல ஏறி அடிக்கணும்."

"சரி" என்று அவர் சால்வையால் முகத்தைத் துடைத்ததைப் பார்த்தேன். எனக்கு இனித்தது.

சாரத்தை என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாகக் கட்டியதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் இரட்டைக் கட்டு. முதலாளியின் இடுப்பிலும் புதுக் கயிறு கட்டி, அதைச் சுவர் வளையத்தோடு முடிந்தேன். இரக்கப்பட்டல்ல. அவர் விழுந்து செத்தால் எனக்கு என்ன லாபம்? செத்த வாய் பொய்யைத் திரும்ப எடுக்காது. தண்ணீர் பார்ப்பதற்கு அண்ணனைத் தோளில் சுமந்துபோய்க் கரையில் உட்காரவைத்தேன். அவரைக் கண்டதும் முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேலே வந்து ஆணியில் இரண்டு அடி அடித்தார். அதற்குள் கரையிலிருந்து, "கறுக்குது!" என்று அண்ணன் கத்தினார். நான் பலகையைச் சுவரோடு இறுக்கினேன். காற்று வந்து சாரத்தை ஆட்டியது. முதலாளியின் சால்வை பறந்து வாவியில் விழுந்தது. அவர் சாரக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டார்.

காற்று தணிந்தது. "இறக்கு தம்பி, என்னை இறக்கு," என்றார்.

நான் ஏணி வாசலை மறித்து உட்கார்ந்தேன். "என்ட அண்ணன் ஏன் விழுந்தவர் முதலாளி?"

"காத்துத்தான்... காத்துத்தான் தம்பி."

"எனக்குச் சொல்ல வேணாம். அவருக்குச் சொல்லுங்க."

கீழே சனம் கூடிவிட்டது. துறைக்கு வந்த தோணிகளில் இருந்தவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். வாவியில் அடுத்த கறுப்பு புறப்பட்டிருந்தது. அண்ணனுக்கு முன்பே அதை முதலாளி கண்டுவிட்டார்.

"தம்பி! நீ குடிக்கல்ல! காத்துத்தான் தள்ளினது!" என்று கரையைப் பார்த்துக் கத்தினார்.

அண்ணன் காதருகே கையை வைத்தார். "கேக்கல்ல!"

"நீ குடிக்கல்ல! குடைபிடிக்க ஆளக் கூப்பிட்டது நான்! நான் சொன்னது முழுக்கப் பொய்!" முதலாளியின் குரல் அழுகையில் உடைந்தது. துறையில் நெல்மூட்டை சுமந்தவர்கள் மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

"கேக்கல்ல முதலாளி! இன்னும் கொஞ்சம் பெலத்துச் சொல்லுங்க!"

அண்ணனுக்குக் காலில்தான் ஊனம். காதில் ஒரு குறையும் கிடையாது. நான் ஏணியை விட்டு நகரவில்லை.