நூல் போட்ட முகம்

இக்ராம் உட்கார்ந்து நான் பார்த்த ஒரே இடம் என் சரக்கறை. அலெக்ஸாண்ட்ரியாவில் டிராம் பாதைக்கு எதிரே இருந்த அலங்காரப் பொருள் கடையில் நான் சரக்குப் பொறுப்பில் இருந்தேன். அந்த அம்மாள் கீழ்த்தளத்தில் முகத்துக்குப் பூசும் ஃபவுண்டேஷன் விற்றார். மதியம் அவித்த மொச்சை வைத்த ரொட்டியோடு உள்ளே வருவார். பஞ்சு அடைத்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து முதலில் ஷூவைக் கழற்றுவார். ரொட்டி அதற்குப் பிறகுதான்.

அவருடைய கண்ணாடி மேசைக்கு முன்னால் உயரமான நாற்காலி ஒன்று உண்டு. அது வாங்க வருகிறவர்களுக்கு. விற்கிறவர்கள் உட்காரக் கூடாது என்பது கடையின் விதி. இக்ராமுக்கு முழங்காலுக்குக் கீழே நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன.

“டாக்டர் நிக்காதேங்கறார் அண்ணே. நிக்காட்டி ரொட்டி எங்கேருந்து வரும்னு கேட்டேன். ஒரு மாத்திரை எழுதிக் குடுத்துட்டார்.”

அந்தக் கோடையில் காசாளர் பெண் கல்யாணமாகி வேலையை விட்டாள். காசாளருக்கு முதுகு சாய்த்துக்கொள்ளும் நாற்காலி உண்டு. மேலாளர் வஜீஹ் ஒரு வாக்குக் கொடுத்தார். கல்யாண சீசன் கணக்கு செப்டம்பர் கடைசி நாள் மூடும். அதற்குள் இக்ராம் தன் மேசையின் விற்பனை இலக்கை எட்டினால் அந்த இடம் அவருக்கு. இல்லையென்றால் வாசனைத் திரவியம் விற்கும் தாலியாவுக்கு. தாலியா சின்னப் பெண். கால் வலி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது.

இக்ராம் விற்கிற விதம் இலக்குக்கு ஏற்றதல்ல. வருகிற பெண்ணின் தாடை ஓரத்தில் மூன்று நிறங்களைக் கோடாக இழுப்பார். கடை விளக்கில் எல்லா முகமும் ரோஜா நிறமாகத் தெரியும் என்பதால் அவளை வாசல் வரை கூட்டிப்போய் வெயிலில் பார்ப்பார். “ஒரு சுத்து நடந்துட்டு வா கண்ணு. காஞ்சதும் கறுக்கும், அப்பப் பாத்துக்கலாம்” என்று அனுப்புவார். அப்போதும் சந்தேகமிருந்தால் சின்ன டப்பாவில் சாம்பிள் போட்டுக் கொடுத்து, வீட்டில் பூசிப் பார்க்கச் சொல்வார். மேசைக்கும் வாசலுக்கும் நாள் முழுக்க நடை.

“மதாம் இக்ராம், விக்கிறீங்களா, தானம் பண்றீங்களா?” என்பார் வஜீஹ். “வாசலுக்குப் போனவங்கள்ல பாதிப் பேர் அப்படியே டிராம்ல ஏறிப் போயிடறாங்க.”

“போகட்டும் உஸ்தாத். தப்பான நிறத்தோட திரும்பி வந்தா திட்டு வாங்கப் போறது நான்தானே?”

இன்னொரு பிடிவாதமும் அவருக்கு உண்டு. எங்கள் ஊரில் கல்யாணப் பெண்ணுக்கு முகம் முழுக்க நூல் போட்டு முடி எடுப்பார்கள். எடுத்த கையோடு, வெளியே வந்ததுதான் வந்தோம் என்று நேராகக் கடைக்குக் கூட்டிவந்துவிடுவார்கள். முகம் அப்போது சிவந்து வீங்கியிருக்கும். அந்தச் சிவப்புக்குப் பொருத்தமாக எடுத்த நிறம், சிவப்பு வடிந்ததும் முகமூடிபோல் தனியே நிற்கும். நூல் போட்ட முகத்துக்கு அன்றைக்கே இக்ராம் விற்பதில்லை. மற்ற கடைகளில் விற்கிறார்கள்.

இதற்குக் காரணத்தை அவரே சொல்லியிருக்கிறார். தன் அக்கா மகளுக்கு ஒருமுறை அப்படித்தான் அவசரமாக நிறம் பார்த்தார். கல்யாணப் படத்தில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். அக்கா வீட்டுக் கூடத்தில் பெரிய சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. “ஒவ்வொரு பெருநாளுக்கும் அதுக்கு எதுத்தாப்ல உக்காந்துதான் கேக் திங்கணும் அண்ணே.”

செப்டம்பர் கடைசி நாளுக்கு வருகிறேன். இதைப் பின்னாளில் கடையில் பலர் பலவிதமாகப் பெருக்கிச் சொன்னார்கள். பஞ்சு அடுக்க நான் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தேன். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

இலக்குக்குக் கொஞ்சம்தான் பாக்கி. மாலையில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் நுழைந்தது. கல்யாணப் பெண் ரீஹாம், அவளுடைய அத்தை ஸுஹைர், கூடவே உறவுப் பெண்கள். எல்லோருக்கும் வாங்க வேண்டுமாம். அவர்கள் வாங்கினால் இலக்கு தாண்டிவிடும். வஜீஹ் தானே முன்வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

ரீஹாம் முக்காட்டைத் தளர்த்தினாள். நெற்றியிலிருந்து தாடை வரை செக்கச்செவேலென்றிருந்தது. மற்றவர்கள் முகமும் அப்படியே. குடும்பமாக நூல் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

இக்ராம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார்.

“எப்ப கண்ணு நூல் போட்டே?”

“இப்பத்தான். அங்கேருந்து நேரா வர்றோம்.”

“எல்லாருக்கும் ரெண்டு ஷேடு வெளுப்பா எடும்மா” என்றாள் அத்தை. “மாப்பிள்ளை வீட்டுல எல்லாம் பால் மாதிரி இருப்பாங்க.”

“வெளுப்பா எடுத்தா கழுத்தை எங்கேங்க ஒளிச்சு வைப்பீங்க?”

உறவுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை. “காசு குடுக்கறது நான். நீ கழுத்துக்குக் கவலைப்படாதே.”

இக்ராம் காசாளர் மேசைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து சில நிறங்களில் சாம்பிள் டப்பாக்களை எடுத்தார். பேச்சு சோர்ந்துதான் வந்தது.

“இன்னிக்கு எந்த நிறம் குடுத்தாலும் தப்பாத்தான் போகும். இதைக் கொண்டுபோங்க. ரெண்டு நாள் போகட்டும், சிவப்பு வடியட்டும். பகல் வெளிச்சத்துல பூசிப் பாத்துட்டு வாங்க.”

“வாங்க வந்தவளை விரட்டற கடையை இப்பத்தான் பாக்கறேன்!” அத்தை கைப்பையை எடுத்தாள். “எழுந்திரு ரீஹாம். இந்த ஊர்ல கடைக்கா பஞ்சம்?”

ரீஹாம் எழுந்தாள். டப்பாக்களை மட்டும் முக்காட்டு மடிப்புக்குள் எடுத்துக்கொண்டாள்.

வஜீஹ் கத்தவில்லை. “உங்க நாற்காலி மதாம். நீங்களே தூக்கி வெளியே போட்டுட்டீங்க” என்றார், அவ்வளவுதான். மறுநாள் காலை தாலியா காசாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதற்குச் சக்கரம் உண்டு. அவள் நகரும்போதெல்லாம் கிறீச்சிடும். கீழ்த்தளம் முழுக்கக் கேட்கும்.

மூன்றாம் நாள் பிற்பகல் ரீஹாம் தனியாக வந்தாள். முகம் கோதுமை நிறத்துக்குத் திரும்பியிருந்தது. தாடை ஓரத்தில் ஒரு கோடு பூசியிருந்தாள். கிட்டப் போய்த் தேடினால்தான் தெரிந்தது.

“அத்தை எங்கே கண்ணு?”

“அன்னிக்கே பக்கத்துத் தெருவுல வாங்கிட்டாங்க. இப்ப அவங்க முகத்துக்கும் கழுத்துக்கும் பேச்சுவார்த்தையில்ல.”

இக்ராம் வாய்விட்டுச் சிரித்ததைப் பல வாரங்களுக்குப் பிறகு அப்போதுதான் கேட்டேன். இருந்தும் அவளை வாசலுக்குக் கூட்டிப்போய், மேகம் விலகும் வரை நிறுத்திவைத்துப் பார்த்தார். திரும்பி நடந்தார்கள். ரீஹாம் ஒரே ஒரு புட்டி வாங்கிப் போனாள். அது அடுத்த சீசன் கணக்கில் சேர்ந்தது.

இக்ராம் சரக்கறைக்கு வந்து பஞ்சுப் பெட்டி மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். கால் நன்றாக வீங்கியிருந்தது. இன்னொரு பெட்டியை இழுத்து அவர் காலடியில் போட்டேன்.

“வித்திருக்கலாம் இல்ல அண்ணே?”

“வித்திருக்கலாம்.”

“அவ வீட்டுக் கூடத்துலயும் ஒரு படம் மாட்டுவாங்க.”

“மாட்டுவாங்க.”

“அதுக்கு எதிர்ல நான் போய் உக்கார வேண்டியதில்ல. இருந்தாலும்...” சுவருக்கு அப்பால் நாற்காலி கிறீச்சிட்டது.

கால்களைத் தூக்கிப் பெட்டி மேல் வைத்துக் கண்ணை மூடினார். சற்று நேரத்தில் வெளியிலிருந்து, “மதாம் இக்ராம், ஆள் வந்திருக்கு!” என்று குரல் வந்தது. கண்ணைத் திறக்காமலே ஒரு காலால் ஷூவைத் தேடினார்.