மலைக்குப் போன கலவை மெஷின்

செம்பூரில் கட்டட வேலை மெஷின்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாத முடிவில் ஒன்று வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. சஹ்யாத்ரி மலைக்குள் கட்டும் ஒரு பாலத்துக்குக் கான்கிரீட் கலக்கும் மெஷின் கேட்டுக் கடிதம் வந்ததும் முதலாளி அதை என் மேஜையில் போட்டார். மழைக்கு முன் ஆற்றில் தூண் எழும்ப வேண்டும், இதை ஒழுங்காக அனுப்பு, வேலை உனக்கு என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஷெட்டில் இருந்ததிலேயே புதிதாக, பச்சை பெயிண்ட் மினுங்கியதைப் பொறுக்கி எடுத்தேன். காலையிலேயே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பாலத்தையே நான் கட்டிவிட்டதைப் போல டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தாராவியிலிருந்து எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி வந்தார். திருநெல்வேலிக்காரர். காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்.

“மோட்டார் மெஷினயா அனுப்புனீய? மலையில கரண்டு ஏது தம்பி? அத எதுல சொருவுவாவ?”

மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன் நான். சுவரில் சுவிட்ச் இல்லாத இடமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே உடைத்திருந்தேன். அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாக என்மேலேயே கோபம் வந்தது, அதனால் பிழைத்தேன்.

“இப்ப என்ன பண்றது அண்ணாச்சி?”

“தாணா நாக்காவுல வரி கட்ட லாரி நிக்கும். பிடிச்சிரலாம், வாங்க.”

பழைய டீசல் என்ஜின் ஒன்றை நாலு பேர் சேர்ந்து டெம்போவில் தூக்கி வைத்தோம். அண்ணாச்சி என்ஜினைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், நான் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டேன். நாக்காவில் வரிச் சாவடி முன்னால் லாரி வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் நின்றது. இறங்கி ஓடினேன். சாவடிக்கு நாலு லாரி தள்ளிப் பச்சை பெயிண்ட் தெரிந்தது. போன உயிர் வந்தது.

என்ஜினை லாரிக்கு மாற்றியதும் நான் டெம்போவிலேயே திரும்பிப் போகப் பார்த்தேன். “எங்க கெளம்பிட்டீய? மாட்டுறதுக்கு இன்னொரு கை வேண்டாமா? ஏறுங்க” என்றார் அண்ணாச்சி. காலில் ஆபீஸ் செருப்பு, கையில் டிபன் டப்பா. கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டி நான் போனதே இல்லை. வீட்டுக்குச் சொல்லிவிடும்படி டெம்போக்காரரிடம் சொல்லிவிட்டு ஏறினேன்.

மறுநாள் ஆற்றங்கரையில் மோட்டாரைக் கழற்றினோம், என்ஜினை வைத்துப் பெல்ட் மாட்டினோம். அண்ணாச்சி கைப்பிடியை என்னிடம் நீட்டினார். இரண்டு தடவை சுற்றினேன், என்ஜின் இருமிவிட்டு நின்றது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. டிரம் சுழன்றது. ஆட்கள் ஜல்லிக் கூடைகளோடு ஓடி வந்தார்கள். நான் என்னை மறந்து கூவினேன். அதுவரை பேனாவைத் தவிர என் கையால் எதுவும் ஓடியதில்லை.

திரும்பி வந்ததும், முதலாளி கேட்பதற்கு முன் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். அவர் என் சட்டையில் அப்பியிருந்த கிரீஸையே பார்த்தார். மேஜை வேலைக்கு நீ லாயக்கில்லை என்றார். வேலை போயிற்று என்று டிபன் டப்பாவை எடுத்தேன். இனி எந்த மெஷின் வெளியூர் போவதானாலும் முதலில் நீ போய் இடத்தைப் பார்த்துவிட்டு வா என்று சொல்லி, நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

“ஆபீஸ் வேலைக்குப் போனவனைக் காடு மலைன்னு அலைய விட்டுட்டாரே உன் முதலாளி” என்று அம்மா புலம்பினாள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். தண்டனை என்றால் பொறுத்துக்கொள்வாள். ஆசைப்பட்டுப் போகிறேன் என்று தெரிந்தால் விடமாட்டாள்.