தண்ணீர் விடக்கூடாத தட்டுகள்

அந்த அக்கா எங்கள் ஆய்வகத்தின் பசுமைக்குடிலைப் பார்த்துக்கொண்டவர். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி தாம்பரம் வருவார். ஒல்லியானவர். வாடிய இலையைக் கண்டால் விரலால் நீவிவிடுவார்.

நெல் வறட்சியை எப்படித் தாங்குகிறது என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. ஏழாவது வருடம், முடிக்காமல் வெளியேற வழியில்லை. பாதி நாற்றுத் தட்டுகளுக்குப் பத்து நாள் தண்ணீர் கிடையாது.

எட்டாம் நாள் அக்கா கேட்டார்: "இன்னாம்மா, இப்டி வாடிகினு கீது?"

"செடிக்குள்ள ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்குக்கா. அதுல சிலது புரதமே செய்யாது, வீணுன்னு நெனச்சாங்க. தண்ணி இல்லாதப்போ அதுதான் வளர்ச்சிய அடக்கி, உயிரைக் காப்பாத்துது. அப்படித்தான் செடி தாங்குது."

"வளராம, சாவாம நிக்கிறதுக்குப் பேரு தாங்குறதா?"

நான் குறிப்பேட்டில் எட்டாம் நாள் என்று எழுதினேன்.

மறுநாள் அந்தத் தட்டுகளெல்லாம் நனைந்திருந்தன. "நாந்தான் ஊத்துனேன். மனசு கேக்கல. சாராண்ட சொல்லிக்கோ" என்றார்.

என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னால் அக்காவின் வேலை போய்விடும். குழாய் கசிந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி விதைத்தேன். இன்னும் ஐந்து மாதம் அங்கேயே கிடந்தேன்.

இந்த முறை அவர் ஊற்றவில்லை. பத்து நாளும் குடிலுக்குள் வராமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசி நாள் சோதனைக்கு இலைகளை நறுக்கி முடித்ததும் எட்டிப் பார்த்தார்.

"இப்போ ஊத்தலாமா?"

"ஊத்துங்கக்கா."

குப்பைக்குப் போகிற செடிகள் என்று அவருக்கும் தெரியும். இருந்தும் ஒவ்வொரு வேரும் நனையும்வரை நின்று ஊற்றினார்.