வெளிச்ச ஒத்தடம்

லாயாங் லாயாங் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்கள் சில சேர்ந்து கட்டிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்குக் கிரகோரிதான் ராஜா. டாக்டர் எப்போதாவது வந்துபோகிற ஆள்; மற்ற நேரமெல்லாம் அறைச் சாவி, புண்ணுக்கு மருந்து கட்டுகிற டிரெஸ்சர் கிரகோரியின் இடுப்பில்தான். மெஷின், வேறெங்கோ வேண்டாமென்று கழித்துவிட்டது. அதன் கண்ணாடிக் குடுவைக்கு மூடியுமில்லை, மறைப்புமில்லை. சுவிட்சைத் தட்டினால் படபடவென்று பொரியும். குடுவைக்குள் பச்சை வெளிச்சம் ஏறி நிற்கும். ஒரு முட்டியைப் படம் பிடித்து முடிப்பதற்குள் நோயாளிக்கு உட்கார்ந்த இடம் மரத்துப்போகும்.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு வலியில்லாத நாள் ஏது? படம் பிடிக்க வந்த யாரோ ஒருத்தி, அந்த வெளிச்சம் பட்டதும் இடுப்புவலி விட்டுப்போச்சு என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் போய்ச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான்! அது நோயைப் பார்க்கிற வெளிச்சம், தீர்க்கிற வெளிச்சமல்ல என்று சொன்னால் யார் காதில் ஏறும்? வீட்டில் தவிட்டு ஒத்தடம் கொடுப்பதுபோல ஆஸ்பத்திரியில் வெளிச்ச ஒத்தடம் கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

“டிரெஸ்சரய்யா, இன்னுங் கொஞ்ச நேரம் வைங்களேன். கொறஞ்சா போயிடும்?” என்பாள் பக்கத்துத் தோட்டத்து வெள்ளையம்மா. வாயாடி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாதம் தவறாமல் வந்து நிற்பாள்.

கிரகோரி முதலில் சிரித்தார், பிறகு விரட்டினார், பிறகு மனசு கேட்காமல் வைத்தார். வெறும் வெளிச்சம்தானே, கேட்கிறவர்களுக்கு இல்லையென்பானேன் என்று நினைத்தார். போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகப் போக அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. மனிதர் நல்லவர், வினையே அங்கேதான்.

அவர் மனைவி இன்பராணி மழையில் வழுக்கி விழுந்ததிலிருந்து ஒரு முட்டி வீங்கியே கிடந்தது. பிள்ளையில்லாத வீடு. அவருக்கு அவள், அவளுக்கு அவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் இருவரும் ஒரே குடையில் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அவர் அறையைத் திறந்து, முட்டியைக் குடுவைக்குக் கிட்டத்தில் வைத்து, பேசிக்கொண்டே நிற்பார். “சுகமா இருக்குங்க” என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் இன்னும் கொஞ்சம் வைப்பார்.

சில வருஷங்களில் முட்டித்தோல் சிவந்தது. பிறகு கறுத்து வெடித்தது. வெடிப்பு புண்ணானது. ஊரார் புண்ணையெல்லாம் ஆற்றிய கைக்கு அந்தப் புண் மட்டும் ஆறவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? வெளிச்சத்தைக் கூட்டினார். பாவி மனுஷன்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம் புது மெஷின் வந்தது. பூட்டிக் கொடுக்கச் சிங்கப்பூரிலிருந்து ஸ்டானிஸ்லாஸ் என்ற மெக்கானிக் வந்தான். பழைய குடுவையைப் பார்த்ததும் தலையில் கை வைத்தான்.

“அலமாக்! இதுலயா அண்ணே இத்தன நாளும் படம் புடிச்சீங்க? நாலாப் பக்கமும் அடிக்குமே! இது ஆளைச் சுட்டுடும். புதுசப் பாருங்க, சுத்தி ஈயம். தேவையான எடத்துல மட்டும் விழும், கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

“அடிக்கடி பட்டா என்னா ஆகும்?” என்றார் கிரகோரி.

“தோல் வெடிக்கும். புண்ணு வரும்.”

“அதுக்கு என்னா மருந்து தம்பி?”

ஸ்டானிஸ்லாஸ் திருப்புளியைக் கீழே வைத்தான். “ஆறாது அண்ணே. புத்துநோயா மாறும். யாருக்கு?”

கிரகோரி வீட்டுக்கு நடந்தார். இன்பராணி காலை நீட்டிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்குமுன் விக்கி விக்கி அழுதார். அவள் ஆய்ந்த கீரையை முறத்தில் தள்ளினாள்.

“வேணும்னா செஞ்சீங்க?” என்றாள். “போய் மொகத்தக் கழுவுங்க.”

ஜொகூர்பாரு பெரிய ஆஸ்பத்திரியில் அவள் காலை வெட்டி எடுத்தார்கள். பயனில்லை, தொடையிடுக்கில் கட்டி ஏறியிருந்தது.

ஆஸ்பத்திரியிலோ வேறு கூத்து. ஒத்தடத்துக்கு வந்தவர்களை அவர் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். படம் பிடிக்க வந்தவர்களுக்கும் புது மெஷினில் டக்கென்று முடிந்துவிட்டது. ஜனங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “கஞ்ச மெசினு! தொரைங்க வெளிச்சத்தையும் மிச்சம் புடிக்கிறானுங்க” என்று வைதார்கள். ஒத்தடத்தால் வரும் கேட்டைக் கிரகோரி ஒவ்வொருவரிடமும் சொன்னார். தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை சொல்லச் சொன்னதைச் சொல்கிறார் என்று எழுந்து போனார்கள்.

இன்பராணி அடுத்த வருஷம் நோன்பிருக்கிற தவசு காலத்தில் கண்ணை மூடினாள். கல்லறைக்கு லயமே திரண்டு வந்தது. பெட்டியை இறக்கும்போது வெள்ளையம்மா மாரில் அடித்துக்கொண்டு கதறினாள்.

“இத்தன வருசம் வெளிச்சத்துலதானே இந்தப் பொண்ணு எழுந்து நடமாடுச்சு! கஞ்ச மெசினக் கொண்டாந்து ஆளையே கொன்னுட்டானுங்களே!”

“வெளிச்சந்தாம்மா அவளத் தின்னுச்சு!” கிரகோரி கத்தினார். “நாந்தான் வச்சேன். ஒங்களுக்கெல்லாமும் நாந்தான் வச்சேன்!”

 யாரோ “பாவம், பேதலிச்சுப் போச்சு” என்றார்கள். வெள்ளையம்மா வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்படிச் சொல்லாதீங்கய்யா. ஒங்க வெளிச்சத்தாலதான் நான் இன்னைக்கும் மரம் வெட்டுறேன். நீங்க நல்லா இருக்கணும்.”

சொல்லிக்கொண்டே முந்தானையை விலக்கி இடுப்பைச் சொறிந்தாள். அங்கே தோல் கறுத்து வெடித்திருந்தது.