லர்லீன் கடையின் பின்கதவு

ஞாயிறு விடிந்தால் லர்லீன் ஸ்டப்ஸ் தன் கடையின் பீர் பெட்டிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டுவாள். ஜார்ஜியாவின் அந்தச் சின்ன ஊரில் ஞாயிறன்று குடிக்கலாம், விற்கத்தான் கூடாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலமே ஊர் இரட்டிப்பாக வாங்கிப் போகும். மற்றவர்கள் முன்கதவில் வருவார்கள். குடியே பாவம் என்று பேசும் பாப்டிஸ்ட் சபைக்காரர்கள் பின்கதவைத் தட்டுவார்கள். யார் வந்தது என்று லர்லீன் வாய் திறந்ததே கிடையாது.

ஞாயிறு விற்பனைத் தடையை எடுக்கலாமா என்று நகர மன்றம் கூடியபோது, சபையில் டீக்கன் பொறுப்பிலிருந்த ஹார்லன் பிக்கெட் எழுந்து முழங்கினார்.

"கர்த்தரோட நாள்லகூட விக்கணுமா? அவ்வளவு பேராசையா உனக்கு, லர்லீன்?"

லர்லீனுக்குச் சுருக்கென்றது.

"நான் யார் பேரையும் சொல்லமாட்டேன், டீக்கன். தடை வேணும்கிறவங்கள்ல என் பின்கதவை ஒருநாளும் தட்டாதவங்க கையைத் தூக்குங்க. நானே சங்கிலியை ரெட்டையாப் போடறேன்!"

ஒரு கைகூட எழவில்லை. டீக்கன் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, மன்றமே குலுங்கிச் சிரித்தது. தடை ஒழிந்தது.

சட்டம் மாறிய முதல் ஞாயிறு. லர்லீன் சங்கிலியைக் குப்பையில் எறிந்தாள். ஆராதனை முடிந்த கூட்டம் முன்வாசலில் வரிசை கட்டி நின்றது. அப்போது பின்கதவில் மெல்லத் தட்டும் சத்தம். பழக்கதோஷம்!

"முன்பக்கமா வாங்க, டீக்கன்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள் லர்லீன். "உங்க பாஸ்டரே வரிசையிலதான் நிக்கறாரு!"