ட்வைலா இறங்காத குழி

"உங்க வீட்ல குழி இருக்கா?" என்று கேட்டார் ட்வைலா. நான் ஓக்லஹோமாவில் அந்தத் தெருவுக்குக் குடிவந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

"இல்லைங்க."

"சூறாவளி சைரன் அடிச்சா எங்க போவ?"

"குளியல் தொட்டில படுத்து, மெத்தையை மேல போட்டுக்குவேன்."

"மெத்தையா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ இருக்கற எடைக்கு மெத்தையும் நீயும் சேர்ந்து பறந்து பக்கத்து மாநிலத்துல போய் இறங்குவீங்க. எங்க கார் ஷெட்டுத் தரைக்குக் கீழ ஒண்ணு போட்டிருக்கோம். நகராட்சில பேர் பதியணும். வீடு விழுந்தா தோண்டறவங்களுக்கு எத்தனை தலைன்னு தெரியணும்ல. உன் பேரையும் எழுதிட்டேன்."

"ரொம்ப நன்றி, மிஸ் ட்வைலா. அப்ப நாம மூணு பேரா?"

"ரெண்டு. நீயும் கேலனும்."

"நீங்க?"

"நான் வாசல்ல நின்னு பார்ப்பேன்."

உள்ளேயிருந்து அவர் கணவர் கேலனின் குரல் வந்தது. "மூணுன்னு நான் எழுதியிருந்தேன்."

"அதை அழிச்சிட்டேன்."

"அப்ப என் பேரையும் அழிச்சிடு. நீ இறங்காம நான் இறங்க மாட்டேன்."

ட்வைலா என் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டியா கண்ணு, உனக்குத் தனி அறை."

ட்வைலா ஸ்டாம்ப்ஸுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டினார். சாலை பனிக்கட்டியாக உறைந்திருக்கும் ஜனவரி காலைகளில் மற்ற ஓட்டுநர்கள் வீட்டிலிருந்து தொலைபேசியில் சாக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர் பேருந்து மட்டும் நேரத்துக்கு வந்து நிற்கும். அப்படிப்பட்டவர் ஆறடி நீளமுள்ள ஓர் இரும்புப் பெட்டியைப் பார்த்துப் பயந்தார். ஒன்பது வயதில் பெரியப்பா வீட்டு நிலத்தடி மண்ணறையில் சூறாவளிக்கு ஒளிந்திருந்தபோது, கதவின் மேல் மரம் விழுந்து அரை நாள் உள்ளே கிடந்தாராம். இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. கேலன் சொன்னார். அதையும், "நான் சொன்னேன்னு சொல்லிடாத, என்னை உயிரோட விட மாட்டா" என்ற எச்சரிக்கையோடுதான் சொன்னார்.

முந்தைய மே மாதம் சைரன் அடித்தபோது இருவரும் வாசலில்தான் நின்றிருக்கிறார்கள். ட்வைலா கையில் இனிப்புத் தேநீர். கேலன் தலையில் பேஸ்பால் ஹெல்மெட். சூறாவளி வேறு பக்கம் போய்விட்டது. கேலனுக்கு மட்டும் ஒரு வாரம் தூக்கம் போய்விட்டது. குளிர்காலத்தில் ஆள் பிடித்து அந்தப் பெட்டியைத் தரைக்குள் இறக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் பெட்டி. ட்வைலா வைத்த பெயர் குழி.

இவ்வளவு தகராறும் நிஜக் காற்றுக்குத்தான். படத்தில் வரும் காற்று அவருக்குச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி. சின்னச் செலவில், அவசர அவசரமாக எடுத்த பேரழிவுப் படங்கள் என்றால் ட்வைலாவுக்கு உயிர். நான் வேலை பார்த்த நூலகத்தில் அந்த வகை டிவிடிகளை வேறு யாரும் தொடுவதில்லை. ஒரே அட்டையில் நாலு படம் இருக்கும். எரிமலை, பனிச் சூறாவளி, விண்கல், பூமி பிளப்பது. கீறல் இருக்கிறதா என்று முதல்நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலையில் எடுத்துப் போவேன். கேலன் சோளச் சிப்ஸ் மேல் மிளகாய்க் கறியும் சீஸும் கொட்டி வைத்திருப்பார். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு ரிமோட்டை ட்வைலா எடுத்துக்கொள்வார். தொண்ணூறு நிமிடப் படம் அவர் கையில் மூன்று மணி நேரம் ஓடும்.

"நிறுத்து நிறுத்து," என்பார், ரிமோட் அவர் கையிலேயே இருக்கும்போது. "கேலன், இது எந்த ஊர்னு போட்டான்?"

"ஓக்லஹோமான்னுதான் போட்டான்."

"பின்னாடி அது என்ன?"

"மலை."

"நம்ம ஊர்ல மலை எப்ப முளைச்சுது? நேத்து பஸ் ஓட்டறப்ப இல்லையே."

பெரிய ஆலங்கட்டி காரின் மேல் விழுந்து பந்து மாதிரி துள்ளினால், காரில் நசுங்கல் எங்கே என்று கேட்பார். விஞ்ஞானி வந்ததும், "இவன் பொண்டாட்டி இவனை விட்டுப் போயிருப்பா பாரு" என்பார். அடுத்த காட்சியில் அவள் விட்டுப் போயிருப்பாள். மேயர் யார் பேச்சையும் கேட்கமாட்டார். ஒரே சிவப்பு லாரி மூன்று தெருக்களில் கவிழும். மூன்றாம் முறை கவிழும்போது கேலன் அதற்குக் கைதட்டுவார்.

"நீயும் ஏதாவது சொல்லேன்," என்று ட்வைலா என்னை இடிப்பார். "தேவாலயத்துல உக்காந்திருக்கற மாதிரியே இருக்க."

நான் ஒருமுறை, அந்த விஞ்ஞானியின் கண்ணாடிக்குள் கண்ணாடியே இல்லை என்றேன். ட்வைலா பின்னுக்கு ஓட்டிப் பார்த்தார். வெறும் சட்டம்தான். அன்றைக்கு மிளகாய்க் கறியின் கடைசிக் கரண்டி எனக்குக் கிடைத்தது.

இந்தப் பைத்தியத்தை வைத்துத்தான் கேலன் திட்டம் போட்டார். மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை ஹாலில் டிவியைக் காணோம். கேலன் அதை ஒளித்துவிட்டு, திரையோடு கூடிய சின்ன டிவிடி பெட்டி ஒன்றைக் குழிக்குள் வைத்திருந்தார். சிப்ஸும் அங்கேதான்.

"இது என்ன அசிங்கமான தந்திரம்," என்றார் ட்வைலா, குழியின் விளிம்பில் நின்று.

"இன்னிக்கு எரிமலை," என்றார் கேலன் கீழேயிருந்து. "நடு நகரத்துலேர்ந்து வருதாம்."

"எந்த நகரம்?"

"அட்டையில பனைமரம் இருக்கு."

ட்வைலா பத்து நிமிடம் மேலேயே நின்று குனிந்து பார்த்தார். லாவா பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு வியர்க்கவே இல்லை என்பதைத் தூரத்திலிருந்து உறுதி செய்ய முடியவில்லை. இறங்கிவிட்டார். மூடி முழுக்கத் திறந்திருந்தது.

அப்புறம் ஒவ்வொரு வாரமும் கேலன் மூடியை ஒரு சாண் இழுத்து வைத்தார். படம் நடக்கும்போது நைசாக எழுந்திருப்பார்.

"அந்த மூடி தானா நகருதா, கேலன்?"

"சரிவா இருக்கும்மா. தானா வருது."

"ஆமா, உன் கையும் சரிவுலதான் இருக்கு."

பாதி வரைக்கும் வந்தது. பாதிக்கு மேல் ட்வைலா ஓர் அங்குலம் விடவில்லை. வெளிச்சம் தன் முழங்காலில் விழ வேண்டும் என்பது அவர் கணக்கு. அது முழங்காலைத் தாண்டினால் எழுந்து ஏணியில் ஏறிவிடுவார், படத்தில் யார் சாகக் கிடந்தாலும் சரி. மே மாதமும் பிறந்துவிட்டது. கேலன் என்னிடம், "பாதி மூடியை காத்து பாதிதான் பிடுங்குமா?" என்று கேட்டார்.

மே மாத இரண்டாம் சனிக்கிழமை எனக்குப் பனிச் சூறாவளியின் இரண்டாம் பாகம் கிடைத்தது. இந்தப் படம் குழிக்கு லாயக்கில்லை, பெரிய டிவிதான் வேண்டும் என்று ட்வைலா ஒற்றைக்காலில் நின்றார். கேலன் ஒளித்த டிவியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். ஹாலில் உட்கார்ந்தோம். திரைச்சீலைகள் மூடியிருந்தன. படத்தில் சைரன் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அதோடு வெளியிலும் ஒன்று சேர்ந்துகொண்டது.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் பன்னிரண்டு மணிக்கு சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள். மற்ற ஊர்களில் கைக்கடிகாரத்தைச் சரி செய்யவும் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரவும் அது பயன்பட்டது. எங்கள் ஊரில் அதற்கும் வழியில்லை. பொத்தானை அழுத்தும் ஆர்லிஸ் ஒருநாளும் நேரத்துக்கு அழுத்தியதில்லை.

கேலன் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டே கால்."

"ஆர்லிஸுக்கு இப்பத்தான் விடிஞ்சிருக்கு," என்றார் ட்வைலா, சிப்ஸை எடுத்தபடி.

படத்து சைரன் நின்றது. வெளியில் நிற்கவில்லை. வழக்கமாக ஒரு நிமிடத்தில் ஆர்லிஸுக்குச் சலித்துவிடும். மூன்று நிமிடம் ஆனது. மூவரும் ஆர்லிஸைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். பொத்தான் மாட்டிக்கொண்டிருக்கும் என்றார் கேலன். அவரே மாட்டிக்கொண்டிருப்பார் என்றார் ட்வைலா. நான் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். அங்கே ஜன்னலுக்குத் திரைச்சீலை இல்லை. வானம் பழைய பாசிக்குளத்தின் நிறத்தில் இருந்தது.

வானம் கெட்டிருந்தால் சைரனைச் சோதிக்கமாட்டார்கள். அது இங்கே பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

"மிஸ் ட்வைலா, வெளியில பாருங்க," என்றேன்.

கேலன் படத்தை நிறுத்தி, வானிலைக்காரர் இருக்கும் சேனலைப் போட்டார். வானிலைக்காரர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருந்தார். அவர் கோட்டைக் கழற்றினால் சூறாவளி நிச்சயம் என்று அங்கே அர்த்தம். அதற்குமேல் அவர் பேச வேண்டியதில்லை. இருந்தாலும் பேசினார். எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் சாலையின் பெயரைச் சொன்னார்.

கார் ஷெட்டுக்கு ஓடினோம். கேலன் மூடியை முழுக்கத் திறந்து என்னை முதலில் இறக்கினார். ட்வைலா விளிம்பில் நின்றுவிட்டார். அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் குளியல் தொட்டில படுத்துக்கறேன்."

கேலன் சுவரில் சாய்த்திருந்த மடக்கு நாற்காலியை விரித்துக் குழிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஆணியில் தொங்கிய பேஸ்பால் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னய்யா பண்ற?"

"உக்காந்திருக்கேன்."

"கிழட்டுக் கழுதை, இறங்கு."

"நீ முதல்ல."

ஷெட்டின் கதவு தடதடவென்று ஆடியது. ட்வைலா கேலனைப் பார்த்தார். அவர் விளையாடவில்லை என்பது முப்பத்தொரு வருடம் அவரோடு வாழ்ந்தவருக்குத் தெரிந்திருக்கும். கேலனின் அம்மாவில் ஆரம்பித்து அவர் பரம்பரையையே திட்டியபடி ஒவ்வொரு படியாக இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கேலன் கடைசியாக வந்து மூடியில் கை வைத்தார்.

"பாதி," என்றார் ட்வைலா.

"இன்னிக்குப் பாதி இல்லம்மா."

காற்று இரண்டு மைல் வடக்கே திரும்பி, ஒரு தானியக் கிடங்கின் கூரையை எடுத்துக்கொண்டு போய்விட்டது என்பது எங்களுக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் இரும்பு மேல் இரும்பு உரசும் சத்தம்தான் கேட்டது. வெளிச்சம் ட்வைலாவின் முழங்காலை விட்டு நகர்ந்து, ஒரு கோடாகி, அணைந்தது. என் மணிக்கட்டை எலும்பு வலிக்கும்படி பிடித்திருந்தார். மூச்சு ஏறி ஏறி வந்தது.

"கண்ணு," என்றார். "அந்தப் படத்தை நீ நேத்தே பார்த்துட்டேல்ல. மீதியைச் சொல்லு. வாயைத் திறந்து, நிறுத்தாம சொல்லிக்கிட்டே இரு. யாரையெல்லாம் கொல்லணுமோ கொன்னுக்கோ. இந்த மூடி திறக்கறவரைக்கும் மட்டும் முடிச்சிடாத."